முகாமில் பிறந்த பிள்ளைக்கு மன்னாரில் உரிமை: குடியுரிமைச் சட்டம் 5(2)ஆம் பிரிவுக்கு ஓர் உரை

இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் 5(2)ஆம் பிரிவு ஒரே ஒரு நீண்ட வாக்கியம். 1983க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பி, மன்னாரின் தலைமன்னார், பேசாலைக் கரைகளில் படகேறித் தமிழ்நாட்டின் இராமேஸ்வரம் போனவர்களுக்கு அங்கே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். அவர்கள் இந்த மண்ணில் நிரந்தரமாக வாழ்வதற்கான உரிமை பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தங்கியிருக்கிறது. ஊர் திரும்பியவர்களும் திரும்ப நினைப்பவர்களும் அதை விளங்கிக்கொள்ள வேண்டும். அதன் கருத்தை எளிய தமிழில் பகுதி பகுதியாகத் தந்து உரை எழுதுகிறேன்.

1. இலங்கைக்கு வெளியே பிறந்த ஒருவர்

1948 நவம்பர் 15 அன்றோ அதன் பின்னரோ வெளிநாட்டில் பிறந்தவர்களை இது குறிக்கிறது. தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்த பிள்ளையும் இதில் அடங்கும். இந்தியாவில் பிறந்ததால் இந்தியக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல் அங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. ஆகவே 1987 ஜூலை 1 முதல் பிறந்த, தாய் தகப்பன் இருவரும் இலங்கையராக உள்ள முகாம் பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. இலங்கையிலும் பதியாவிட்டால் அந்தப் பிள்ளையை எந்த நாடும் தன் குடிமகனாக ஏற்காது.

இதற்குத் தேவையான முதல் பத்திரம் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் தந்த சீட்டு போதாது. பிள்ளையின் பெயர் சேர்க்கப்படாத சான்றிதழ் என்றால், அங்கே இருக்கும்போதே பெயரைச் சேர்த்துவிட வேண்டும். கடல் தாண்டி வந்த பிறகு அதைச் செய்வது பெரும்பாடு.

2. பிறந்த வேளையில் பெற்றோரில் ஒருவர் இலங்கைக் குடிமகனாக இருந்து

மூலச் சட்டத்தில் தந்தை மட்டுமே இருந்தார். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தாயையும் சேர்த்தது. ஆகவே இரு பக்கத்துப் பத்திரங்களையும் தேடுங்கள்.

தேடல் உண்மையில் கனக்கும் இடம் இதுதான். ஓர் இரவில் ஓடியவர்கள் எதையும் எடுத்துச் செல்லவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்களும் இதே இழப்பை அறிந்தவர்கள். ஆனால் வீட்டில் இருந்தது பெற்றோரின் பிறப்புச் சான்றிதழின் பிரதிதான். பதிவுப் புத்தகம் அரசிடம் இருக்கும். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர் ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பியுங்கள். பதிவு அகப்படாவிட்டால் கோவிற்பற்றின் ஞானஸ்நானப் பதிவும் பாடசாலை அனுமதிப் பதிவும் துணைச் சான்றாக உதவும்.

அடுத்தது விவாகப் பதிவுச் சான்றிதழ். தகப்பனையும் பிள்ளையையும் தாளில் இணைப்பது அதுவே. பெயர் வேறுபாடும் பலரை மாதக்கணக்கில் அலைய வைக்கிறது. அந்தோனிப்பிள்ளை என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஒரு தாளில் ஓர் எழுத்துக் கூடியும் மற்றத் தாளில் குறைந்தும் நிற்கும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைப்பது வழக்கம்.

மலையகத்திலிருந்து வடக்கே குடியேறி, பின்னர் அகதியாகப் போன இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு இந்தப் பகுதி வேறொரு சிக்கலைத் தருகிறது. பிள்ளை பிறந்த வேளையில் பெற்றோரே நாடற்றவர்களாக இருந்திருக்கலாம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது. இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. அவர்கள் 1964க்கு முந்திய தோட்டப் பதிவுகளையும் தேட வேண்டும்.

3. பிறந்து ஓர் ஆண்டுக்குள், அல்லது தக்க காரணத்துக்காக அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள்

ஓராண்டு என்றதும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் பாதியை வாசியுங்கள்: இருபது வயதானவருக்கும் அது வழி விடுகிறது. யுத்தமும் இடப்பெயர்வும் முகாம் வாழ்வும் தக்க காரணங்களே. எந்த ஆண்டு போனோம், எந்த முகாமில் பதிந்தோம், எப்போது திரும்பினோம் என்பதைத் தெளிவாக எழுதி, முகாம் அடையாள அட்டைப் பிரதியை இணைத்துக் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு அந்த அட்டையைக் குப்பையில் போடுபவர்கள் தங்கள் சாட்சியத்தையே போடுகிறார்கள்.

4. தூதரக அலுவலரிடமோ, இலங்கையில் அமைச்சின் அலுவலகத்திலோ பிறப்புப் பதியப்பட்டால்

இரண்டு வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் இருப்போருக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம்; திரும்பி வந்தோருக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். இந்தியப் பத்திரத்தில் பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம் என்பதால் சென்னை வழியே இலகு. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் இந்தப் பதிவுகளுக்கு நெடுங்காலம் துணை நின்றிருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிராம அலுவலர் தரும் வதிவிடச் சான்று, நீங்கள் அந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்று மட்டுமே சொல்லும். அது குடியுரிமை ஆகாது. ஊர் முழுவதும் அறிந்த குடும்பமாக இருந்தாலும் இந்தப் பதிவு இல்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை எடுப்பதும் வாக்காளராவதும் காணி அனுமதிப்பத்திரம் கேட்பதும் தடைப்படும்.

முடிவாக

சட்டம் உரிமையை மறுக்கவில்லை. நிரூபிக்கும் சுமையை மட்டும் எல்லாவற்றையும் இழந்தவர்களின் தலையில் வைத்திருக்கிறது. அது நியாயமல்ல. மன்னாரில் நடத்தும் நடமாடும் சேவைகளுக்குக் குடியுரிமைப் பதிவு அலுவலர்களையும் மாவட்டச் செயலகம் அழைத்து வர வேண்டும். அதுவரை காத்திராதீர்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோவில், படித்த பள்ளிக்கூடம், மணம் முடித்த ஆண்டு எல்லாவற்றையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பின் அந்த விவரங்களைக் கேட்க ஆளில்லை.