ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏடுகள்

தேசவழமை எம் முன்னோரிடம் வாய்வழியாக வழங்கிவந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிவர். அது சட்டத் தொகுப்பாக எழுதப்பட்டது ஒல்லாந்த மொழியில் என்பதை எமது வாலிபருள் எத்தனை பேர் அறிவர்? தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே 37 ஆண்டு வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை 1707ஆம் ஆண்டில் அதனைத் தொகுத்து ஒப்புவித்தார். பின்னர் அது தமிழிலே பெயர்க்கப்பட்டது. பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரியென ஒப்பினர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நாம் இன்று பேசுவதற்கெல்லாம் அவ்வேடே ஆதாரம்.

இத்தகைய ஏடுகள் பல்லாயிரம். ஒல்லாந்தக் கும்பனியார் எழுதிவைப்பதில் வெகு கண்டிப்பானவர். ஆலோசனைச் சபைக் குறிப்பு, கடிதப் பிரதி, கணக்கு, காணித்தோம்பு, பாடசாலைத்தோம்பு என ஒன்றையும் விட்டாரில்லர். 1796ஆம் ஆண்டிலே கொழும்பு ஆங்கிலேயர் வசமானபோது அவையும் கைமாறின. புதிய துரைமாருக்கு அம்மொழி தெரியாது. ஆயினும் காணிப் பிணக்குத் தீர்க்கத் தோம்பு வேண்டியிருந்தது. வழக்காளியின் தேவை சரித்திரத்தையும் சேர்த்துக் காத்தது எனலாம்! இன்று கொழும்பிலே எஞ்சியிருப்பவை 7,000 தொகுதிகளுக்கு மேல்.

அவற்றை ஒழுங்குபடுத்த வல்ல ஒருவர் வர ஒரு நூற்றாண்டு சென்றது. ஒல்லாந்தப் பறங்கியர் குலத்தவரான ஆர். ஜி. அந்தோனிஸ் என்பார் 1902ஆம் ஆண்டில் அரசாங்கச் சுவடிக் காப்பாளரானார். எந்தக் கட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாவிடில் ஆராய்ச்சியாளனுக்குக் கதவு திறந்திருந்தும் பயனில்லை. அந்தோனிஸ் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே அந்த இருட்டில் ஏற்றிய முதல் விளக்கு. தேசாதிபதிகளும் கொமாண்டர்மாரும் எழுதிவைத்த குறிப்புரைகள் ஆங்கிலமாக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. யாழ்ப்பாணக் கொமாண்டர் சுவார்தக்குரூன் 1697ஆம் ஆண்டில் எழுதியதை சோபியா பீற்றர்ஸ் என்னும் அம்மையார் மொழிபெயர்த்தார். 1911ஆம் ஆண்டில் அது அச்சேறியது. வன்னி, யானை வியாபாரம், சாயவேர், தலைவரி, ஊழியம் எல்லாம் அதிலுண்டு. எம் பாட்டன்மார் எத்தனை நாள் கூலியின்றி உழைத்தனர் என்று அறிய விரும்புவோர் அதைப் படிக்கட்டும். எழுதியவன் வரி வாங்கியவன் என்பதையும் மறவாது படிக்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஏடுகள் நுவரெலியாவுக்கு ஏற்றப்பட்டன. யுத்தம் முடிந்தபின்னும் அவை நெடுநாள் அங்கேயே இருந்தமையால், ஆராய விரும்பியோர் மலையேற வேண்டியிருந்தது. குளிரும் செலவும் எத்தனை பேரைத் தடுத்தனவோ! 1947ஆம் ஆண்டில் தனித் திணைக்களமாகி, 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சுவடிகள் கூடமாக நிலைபெற்றது. இப்பொழுது அது கொழும்பிலே உள்ளது.

வழி திறந்துவிட்டது, மொழி திறக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்க வல்லார் எம்மிடையே மிகச் சிலர். மொழிபெயர்க்கப்பட்டதையே திரும்பத் திரும்ப எடுத்தாள்வதனால், பிறர் தெரிந்தெடுத்துத் தந்த பகுதியையே நாம் முழுச் சரித்திரமாகக் கொள்ள நேர்கிறது. இதற்குள் மசியே தாளைத் தின்னுகின்றது. அக்கால மசியின் குணம் அது. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கும்பனி ஏடுகளை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில், ஆசிய இளைஞருக்குப் பழைய ஒல்லாந்தம் பயிற்றும் திட்டமொன்றை லெய்டன் சர்வகலாசாலை நடத்தியது. அப்படிப் பயின்று வருவோர்க்கு யாழ்ப்பாணத்துக் கட்டுகளில் வேலை நிறைய உண்டு.

போர்த்துக்கேயர் காலத்தை அறியவோ கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் போகவேண்டும். ஆங்கிலேயர் காலம் அவ்வளவு கடினமன்று. துவைனம் துரை போன்ற ஏசண்டர்மாரின் கச்சேரிக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. எமது உயர்வகுப்பு மாணவரும் முயன்றால் வாசிக்கலாம்.

இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சுவடிகள் கூடத்துக்கு ஒப்படைக்க அச்சகத்தார் சட்டப்படி கடமைப்பட்டவர். எமது சங்கத்தின் இம்மலரும் அவ்வாறே அங்கு போய்ச் சேரவேண்டும். அச்சகத்தாரிடம் அதை நினைவூட்டுமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறோம்.