பெயர் தேடும் ஆப்பிள்கள்

ஆளரவமற்ற மலைச்சரிவில் ஓர் ஆப்பிள் மரம் காய்த்து நிற்கிறது. அதைக் காணும் நாம் முதலில் கேட்கவேண்டியது 'இதன் பெயர் என்ன?' என்பதன்று, 'இதற்குப் பெயர் உண்டா?' என்பதே.

காரணம் ஆப்பிளின் இயல்பில் இருக்கிறது. அதன் விதை தாயைப்போல் பிள்ளையைத் தருவதில்லை. ஒரே பழத்தின் ஐந்து விதைகளை ஊன்றினால் ஐந்து வெவ்வேறு மரங்கள் எழும். விரும்பிய வகையை அப்படியே காக்க ஒட்டுக்கட்ட வேண்டும். ஆகவே ஒரு 'வகை' என்பது, கைமாறிக் கைமாறி வந்த ஒரே மரத்தின் கிளைகள்தாம். பறவை எச்சமிட்ட விதையில் முளைத்ததற்குப் பெயரில்லை. மனிதர் ஒட்டுக்கன்றாக வாங்கி நட்டுக் கைவிட்டுப்போன மரத்துக்கோ எங்கேனும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்கு வாஷிங்டனிலும் அதையடுத்த ஐடஹோவிலும் இப்படிக் கைவிடப்பட்ட மரங்கள் பல உண்டு. ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் வரை நிலம் தரும் சட்டம் 1862இல் வந்தது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த மண்ணில் குடியேறியவர்கள், வீட்டோரம் ஆப்பிள் கன்றுகளை நட்டார்கள். பின்னர் பலர் நொடித்து வெளியேறினர். வீடுகள் மண்ணோடு மண்ணாயின, மரங்கள் நின்றன. சந்தையோ, தொலைதூரப் பயணம் தாங்குகிற, கண்ணைக் கவர்கிற சில வகைகளோடு நிறைவடைந்துவிட்டது.

இம்மரங்களின் பெயரை எப்படி மீட்பது? பழத்தின் வடிவம், காம்பின் நீளம், காம்புக்குழியின் ஆழம், எதிர்முனையில் பூ காய்ந்து நிற்கும் எச்சம், நெடுக்காக அரிந்தால் தெரியும் விதையறை, பழுக்கும் பருவம் ஆகிய அனைத்தையும் பார்க்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வெயில் பட்ட பழமும் நிழலில் பழுத்ததும் ஒரே கிளையிலேயே வேறுபடும். பிறகு பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்கள். 1905இல் பீச் வெளியிட்ட 'நியூயார்க்கின் ஆப்பிள்கள்' என்னும் இரு தொகுதிகள் அவற்றுள் ஒன்று.

அதனினும் அரிய செல்வம் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பழ ஓவியங்கள். 1886 முதல் அத்துறை ஓவியர்களை அமர்த்தி வரையவைத்த 7,584 படங்களில் 3,807 ஆப்பிளுக்குரியவை. டெபோரா பாஸ்மோர் என்னும் பெண்மணி மட்டும் 1,500க்கு மேல் வரைந்தார். முழுப்பழத்தோடு அரிந்த பாதியையும், சிலவற்றில் பூச்சி அரித்த வடுவையும்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. அழகுக்காக அன்றி அடையாளத்துக்காக வரைந்தவை அவை.

மரபணுச் சோதனை இருக்கையில் ஓவியம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். மரபணுவை ஒப்பிட, பெயர் தெரிந்த உயிருள்ள மரமொன்று வேண்டும். உலகின் எந்தத் தொகுப்பிலும் இல்லாமற்போன வகைக்கு ஒப்பிட எதுவுமில்லை. ஆயினும் சோதனை ஓர் அரிய சாட்சியம் அளிக்கிறது. தொலைவிலுள்ள இரு தோட்டங்களின் மரங்கள் மரபணுவில் ஒன்றாயிருந்தால், அவை விதையில் பிறந்தவையல்ல, ஒட்டில் வந்தவை. எனவே அவற்றுக்குப் பெயர் இருந்தது உறுதி. அது எந்தப் பெயர் என்பதைச் சொல்ல மீண்டும் ஏட்டிடமே செல்லவேண்டும். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் பொறுமையோடு.

அத்தகைய பொறுமையின் பயனாகவே வாஷிங்டனின் ஸ்டெப்டோ குன்றில் 'நீரோ' என்னும் ஆப்பிள் அடையாளம் காணப்பட்டது. 2020இல் அமெரிக்க வடமேற்கில் மேலும் பத்து வகைகள் மீட்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அடையாளம் கண்ட மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து இளஞ்செடியில் கட்டினால் அந்த வகை இன்னொரு தலைமுறை வாழும். ஆனால் நூறாண்டு கடந்த மரங்கள் காட்டுத்தீயிலும் காற்றிலும் ஒவ்வொன்றாய்ச் சாய்கின்றன. அடையாளம் காணுமுன் மரம் வீழ்ந்தால், ஏட்டில் பெயரும் ஓவியமும் எஞ்சும். அப்பழத்தின் சுவையை இனி ஒருவரும் அறியமாட்டார்.