பாட்காஸ்ட்

இணையத்தில் தொடராக வெளியாகி, வேண்டும்போது எடுத்துக் கேட்கத்தக்க ஒலிநிகழ்ச்சி. தமிழில் வலையொலி என்கிறோம்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் கருவிப் பெயரின் பின்பாதியும், ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்பதன் பின்பாதியும் சேர்ந்த சொல் இது. 2004 பிப்ரவரியில் 'தி கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் அறிமுகமானது. 'பிராட்காஸ்ட்' மிகப் பழைய சொல். உழவர் விதையைக் கையால் வயலெங்கும் வீசித் தெளிப்பதே அதன் முதற்பொருள். வானொலி வந்தபின் குரலுக்கும் ஆகிவந்தது.

வரலாற்றை நேசிப்பவர்களுக்கு இந்த வடிவம் பெரும் பேறு. வானொலியின் நேரக் கட்டுப்பாடு இதற்கில்லை. மைக் டங்கன் என்பவர் 2007 முதல் 2012 வரை ரோமின் வரலாற்றை வலையொலித் தொடராகச் சொன்னார். கி.மு. 49இல் சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்த கணத்தை மட்டுமல்ல, அதற்கு முன் செனட் சபையில் மூண்ட பூசல்களையும் இப்படி நிதானமாகக் கேட்கலாம். 2020இல் தொடங்கிய 'தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி'யில் டாம் ஹாலண்ட், டொமினிக் சாண்ட்புரூக் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் உரையாடியே கடந்த காலத்தை அலசுகிறார்கள்.

ஐபாட் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. ஆனால் அதன் பெயரிலிருந்து பிறந்த சொல் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது.