கிளைக்குக் கிளை கணக்கு: டென்ட்ரிமர் பிறந்த கதை

கள்ளிக்காட்டில் நாற்பது வருஷமாக ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது; மிச்சமெல்லாம் கடையில் உட்கார்ந்து படித்ததுதான்.

ஐசோபிரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலியே ரப்பர். ஒரே மரத்துப் பாலிலும் ஒரு சங்கிலி நீளம், இன்னொன்று குட்டை. அதனால் அதன் மூலக்கூறு எடையைச் சராசரியாகத்தான் சொல்வார்கள். அத்தனை மூலக்கூறும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாக, அதுவும் கிளைவிட்ட மரம்போல, மனிதனால் கட்ட முடியுமா?

ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரிட்ஸ் ஃபோக்ட்லே குழு 1978-ல் வழி காட்டியது. அமீன் ஒன்றில் அக்ரிலோநைட்ரைலைச் சேர்ப்பது. அதன் நுனியை மறுபடி அமீனாக மாற்றுவது. திரும்பவும் அதையே செய்வது. ஒவ்வொரு சுற்றிலும் நுனிகள் இரட்டிக்கும். ஆனால் மாற்றும் படியில் விளைச்சல் குறைவு. மேலே போக முடியவில்லை. 1993-ல் நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனம் அதே வழியைச் சீராக்கிப் பெரிய அளவில் செய்து காட்டியது.

இடையில் 1985-ல் அமெரிக்காவின் டவ் நிறுவனத்தில் டொனால்ட் டொமாலியா குழு வேறு வேதிப்பொருள்களால் இதைச் சாதித்தது. மரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டென்ட்ரிமர் என்ற பெயர் வந்தது. எத்திலீன்டைஅமீன் கருவிலிருந்து தொடங்கினால் நுனிகள் 4, 8, 16, 32, 64 என்று பெருகும்.

இங்கேதான் என் வியாபாரக் கணக்கு உதைத்தது. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது சரியாயிருந்தால் நாம் மெச்சிக்கொள்வோம், இல்லையா? 32 நுனியை 64 ஆக்கும்போது 64 இடத்தில் இணைப்பு விழவேண்டும். ஒவ்வொன்றும் 99 சதம் சரியாக நடந்தாலும், குறையே இல்லாத மூலக்கூறு பாதிக்குச் சற்றே கூடுதல்தான். குறையுள்ளதும் நல்லதும் பார்வைக்கு ஒரே மாதிரி, பிரிப்பது பெரும்பாடு.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹாக்கரும் ஃபிரெஷேயும் 1990-ல் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். நுனியிலிருந்து உள்நோக்கிக் கிளைகளைத் தனித்தனியே கட்டி, கடைசியில் கருவோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு படியிலும் சேரவேண்டிய இடம் சிலவே. ஒன்று தவறினால் உருவமே வேறுபடும். எளிதாய்ப் பிரித்து எறியலாம்.

ஒரு தடவை கட்டுக்குள் பூஞ்சை பிடித்த ஒரு ஷீட் இருந்ததால் என் முழு லோடும் திரும்பி வந்தது. கட்டுமுன் பார்க்காதது என் தவறு. ஃபிரெஷே முறையைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். ஜெயராமன் குழு, பாலி புரொப்பைல் ஈதர் இமைன் டென்ட்ரிமர்களைத் தொகுத்து, அவை உயிரணுவுக்கு நஞ்சாகுமா என்றும் சோதித்து 2003-ல் வெளியிட்டது. மருந்து சுமக்கும் மூலக்கூறு உடம்புக்குள் போகவேண்டியது. அங்கே சராசரி போதாது, ஒவ்வொன்றும் சரியாயிருக்கவேண்டும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் பிள்ளைகளைச் சீக்கிரம் பெரிய படிப்பில் சேர்க்கப் பறக்கிறோம். ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லிக் கொடுப்போமே.