பைத்தியத்துக்கு ஒரு வேர்

கதையில் ஒருவனைப் பைத்தியமாக்குவது எனக்கு வெகு சுலபம். பேனாவை நாலு தரம் ஓட்டினால் சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடுவான். தெளியவைக்கத்தான் வழி தெரியாது. கடைசி அத்தியாயத்தில் ஏதாவது ஒரு கிணற்றில் தள்ளிவிடுவேன். சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு மாமாவைப் பின்கட்டுத் தூணில் கட்டிவைத்திருந்தார்கள். அவருக்கும் வழி தெரியவில்லை.

பீகாரில் ஏழை ஜனங்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. சர்ப்பகந்தா என்ற சிறு செடியின் வேருக்கு அங்கே 'பாகல் கீ தவா', பைத்திய மருந்து என்றே பெயர். 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் சித்தப்பிரமையையும் ரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். அதே சமயம் டில்லியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகீ வேரின் சத்துக்களைப் பிரித்து, ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹகீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். (எங்கள் எழுத்துலகில் அந்த நன்றி சமர்ப்பணப் பக்கத்தோடு சரி!) 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் எழுதிய பிறகே மேல்நாடு கண் விழித்தது. 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தின் சிபா கம்பெனியார் வேரிலிருந்து 'ரிஸர்பின்' எடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் நியூயார்க் மனநோய் விடுதியில் கூச்சல் அடங்கியதாக டாக்டர் நேதன் கிளைன் அறிவித்தார்.

ஆனால் ரத்தக் கொதிப்புக்காக அதை விழுங்கிய சிலர் காரணமின்றி அழுதார்கள். உயிர்மேல் வெறுப்புக் கொண்டார்கள். மருந்தின் குற்றந்தானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது செய்யும் வேலை மட்டும் தெரியும். நரம்பின் நுனிகளில், செய்தி கொண்டுபோகும் ரசாயனங்களைச் சேமித்துவைக்கும் குட்டிப் பத்தாயங்கள் இருக்கின்றன. ரிஸர்பின் அவற்றின் வாயிலை அடைத்துவிடுகிறது. உள்ளே போகமுடியாத சரக்கு வெளியே வீணாகி அழிகிறது. பித்தனின் ஆவேசம் அடங்கியது, பத்தாயம் காலியானதால்தான்!

1957-இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்ஸன் முயல்களுக்கு ரிஸர்பின் கொடுத்தார். அவை காது தொங்கி அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு 'டோப்பா' என்ற பொருளை ஊசியில் ஏற்றினார்; சற்றைக்கெல்லாம் எழுந்து ஓடின. தீர்ந்துபோனது 'டோப்பமின்' என்பது அதிலிருந்து புரிந்தது. இதற்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த முயல்களைப்போலவே உடல் விறைத்துக் கிடப்பவர்கள் பார்க்கின்ஸன் நோயாளிகள். அவர்கள் மூளையிலும் டோப்பமின் குறைவு என்று 1960-இல் வியன்னாவில் கண்டார்கள். மறுவருஷம் அங்கேயே டோப்பா ஊசி போட்டபோது, படுக்கையில் எழுந்து உட்காரவும் முடியாதிருந்த சிலர் நடந்தார்கள்.