தெருவும் ஊர்தியும்

தெருவில் முதலிடம் யாருக்கு என்னும் வினா புதியதன்று. மதுரைக்காஞ்சி, மாநகர்த் தெருக்களைப் பாடுமிடத்து, யானையும் தேரும் குதிரையும் மறவரும் வருவதும் போவதுமாக இருத்தலின், பண்ணியம் விற்போர் அஞ்சி ஒதுங்கியதைக் கூறுகின்றது. வலிய ஊர்தி வந்தவழி எளியோர் ஒதுங்குதல் அன்றே கண்ட காட்சியாகும். ஆயினும், படை சென்றபின் தெரு மீண்டும் விற்போர்க்கும் நடப்போர்க்கும் உரியதாயிற்று. இக்காலத்து ஊர்திப்படையோ சென்று முடிவதில்லை. தெரு விரைவூர்திகளுக்கே உரியது, நடப்போரும் மிதிவண்டியோரும் அதற்கு இடையூறு என்னும் எண்ணம் நம் மக்களிடம் வேரூன்றியது, மாற்றவொண்ணாதது என்று ஒருசாரார் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமா என்பதைத் தமிழ்நாட்டுச் சான்றுகள் சிலகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சென்னையில் மின் டிராம் 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின் டிராம் இதுவே. முதற்கண் மின்சாரம் தரையடியே அமைந்த கம்பி வழியாகச் செலுத்தப்பட்டது. பருவமழைக்கு அது தாங்காமையின், பின்னர்த் தலைக்கு மேலே கம்பி கட்டினர். துறைமுகப் பகுதியையும் நகரின் உட்பகுதிகளையும் இணைத்து அலுவலரையும் தொழிலாளரையும் ஒருங்கே சுமந்த அவ்வண்டி, பேருந்தின் போட்டியாலும் நட்டத்தாலும் நலிந்து, 1953 ஏப்ரல் 12இல் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் கல்கத்தாவில் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் காலணா உயர்த்தியதற்கு எழுந்த கிளர்ச்சி நகரையே உலுக்கிற்று. கட்டணம் காலணா ஏறியதற்கு அங்கே தெரு கொந்தளித்தது. டிராமே மறைந்தும் இங்கே அத்துணைக் கிளர்ச்சி எழவில்லை. ஒன்று போயின் பேருந்து உண்டு என்று சென்னை மக்கள் அமைந்தனர் போலும். தண்டவாளத்தோடு, பொது ஊர்திக்கெனத் தெருவில் வரையறுக்கப்பட்டிருந்த இடமும் அகன்றதை அன்று எண்ணியோர் சிலரே ஆதல் வேண்டும்.

மிதிவண்டியின் கதை வேறு. 1949இல் முருகப்பா குழுமத்தாரின் முயற்சியால் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியபின், அம்பத்தூரில் செய்த வண்டிகள் நாடெங்கும் பரவின. நகராட்சிகள் மிதிவண்டிக்கு வரி தண்டி வில்லை வழங்கிய காலமும், இரவில் விளக்கின்றிச் சென்றவரும் ஒரே வண்டியில் இருவராய்ச் சென்றவரும் காவலர்க்குத் தண்டம் கட்டிய காலமும் முதியோர் நினைவில் உள்ளன. வரியும் தண்டமும் பெற்ற அரசு, மிதிவண்டிக்குத் தனிவழி வகுக்க எண்ணவில்லை. சீர்வரிசையில் இடம்பெற்ற வண்டி, விசையூர்தி பெருகப் பெருக, வேறொன்று வாங்க இயலாதவனின் வண்டி எனக் கீழிறங்கிற்று. நம் சொல்லாக்கமும் இதற்குத் துணைபோயிற்றோ என ஐயுறுகின்றோம். காலால் மிதிப்பது மிதிவண்டி. பலரைச் சுமப்பது பேருந்து. சிலரே ஏறிச் செல்வதோ மகிழுந்து! மகிழ்ச்சியை முழுவதும் காருக்கே அளித்துவிட்டோம்.

இவ்வெண்ணம் மாற்றவொண்ணாதது அன்று என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே தலையாய சான்று. 1991இல் அங்கு நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தது. மாவட்ட ஆட்சியராய் இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்து, மகளிர் வண்டி வாங்கக் கடனுக்கும் வழிசெய்தார். பெண் மிதிவண்டி ஓட்டுதல் அக்காலத்து ஊர்ப்புறத்தில் எள்ளலுக்குரியதாய் இருந்தது. தொடக்கத்தில் ஏளனச் சொற்களும் எழுந்தன. எனினும் வயல் உழைப்பாளர், கல்லுடைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் பயின்றனர். மகளிர்க்கான வண்டி போதாமையின் ஆடவர் வண்டியையே வாங்கி ஓட்டியோரும் உளர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் திரண்டு வந்த காட்சி புதுக்கோட்டையை வியப்பில் ஆழ்த்திற்று. பாலகும்மி சாய்நாத் இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். பேருந்துக்குக் காத்திருத்தலும், தந்தை, உடன்பிறந்தான், கணவன் கையை எதிர்பார்த்தலும் குறைந்தமையே பெண்கள் பெற்ற பெரும்பேறு என்பது அவர் எழுத்தால் விளங்கும். தண்ணீர் சுமந்து வரவும், விளைபொருளை அடுத்தடுத்த ஊர்களில் விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவ்வண்டி பயன்பட்டது. வண்டி பழைய வண்டிதான். ஓட்டுவோர் மாறினர், ஊராரின் பார்வையும் மாறிற்று.

2001-2002இல் பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர்ப் பிறர்க்கும் அது விரிந்தது. ஆயின் வண்டி தந்தோர் வழி தரவில்லை. பள்ளி விட்டதும் நெடுஞ்சாலையின் மண் விளிம்பில் சரக்குந்துக்கு அஞ்சி ஒதுங்கிச் செல்லும் மாணவியரைக் காணும்போதெல்லாம், மதுரைக்காஞ்சியின் பண்ணிய வணிகரே எம் நினைவுக்கு வருகின்றனர்.

சென்னை மாநகராட்சி 2014இல் விசையிலாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் ஒதுக்க வேண்டும் என வகுத்தது. ஏட்டளவில் இது பெரிய மாற்றமே. தியாகராயநகரின் பாண்டி பஜாரில் நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்டு, 2019 நவம்பரில் நடைவளாகமாகத் திறக்கப்பட்டன. கார் நிறுத்த இடம் குறையின் வாணிகம் குறையும் என்னும் அச்சம் இத்தகைய முயற்சி எங்கு நடப்பினும் எழுவதாகும். அது முற்றும் பொய்யென்று தள்ளற்பாலதன்று. ஆனால் கடைக்கு வருவோர் அனைவரும் காரில் வருவோரே என்று அது தனக்குள் கொண்டுள்ள எண்ணம் ஆராயத்தக்கது. அந்தத் தெருவிற்கு மின்தொடர்வண்டியில் மாம்பலத்தில் இறங்கி நடந்து வருவோர் எத்துணையர் என்பதை ஒரு மாலைப்பொழுது அங்கு நின்றாலே அறியலாம்.

2021 மே 7ஆம் நாள், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்னும் ஆணையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கையெழுத்திட்டார். டிராம் முதன்முதல் ஓடியதும் அதே மே 7ஆம் நாளே என்பது தற்செயல். ஓசிப் பயணம் என்று இதனை எள்ளியோரும் இருந்தனர். புதுக்கோட்டையில் முதலில் எழுந்ததும் எள்ளலே. ஆணை மறுநாளே நடைமுறைக்கு வந்தது.