தொழில் அறிமுகம் தொடக்கப்பள்ளியிலேயே தேவை: ஒரு வாதம்

சிறு பிள்ளைகளிடம் தொழிலைப் பற்றிப் பேசத் தமிழ்நாட்டில் ஒரு தயக்கம் உண்டு. அதற்கு வலுவான காரணமும் உண்டு. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பள்ளி நேரத்தை ஏறத்தாழ மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று அதை எதிர்த்துப் பெரும் போராட்டம் எழுந்தது. காமராசர் முதல்வரான 1954இலேயே அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. ஆனால் தொழில் பற்றிய பேச்சைப் பத்தாம் வகுப்புக்குப் பின் வைத்துக்கொள்ளலாம் என்று அதிலிருந்து முடிவுகட்டினால், குலக்கல்வி செய்ய முயன்றதை நம் மௌனமே செய்துவிடும். அத்திட்டத்தின் அடிப்படைக் குற்றம், பிள்ளைக்கு ஒரே ஒரு தொழிலைக் காட்டியதுதான். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் இன்று அருகில் காணும் வேலைகள் எத்தனை? சூளை வேலை, ஆசிரியர், கிராமச் செவிலியர், பேருந்து நடத்துநர். அதற்குமேல் தொலைக்காட்சி காட்டும் கலெக்டர்.

அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாடு இங்கே பயன்படும். பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே பலவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள் என்கிறார் அவர். ஆறு முதல் எட்டு வயதுக்குள் 'இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை' என்ற கழித்தல் நடக்கிறது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் 'இது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது' என்ற கழித்தல் தொடங்குகிறது. ஒதுக்கியதை அவர்களாக மீண்டும் எடுத்துப் பார்ப்பது அரிது. டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது. மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான 4,807 பிள்ளைகளிடம் ஓர் அறிவியலாளரை வரையச் சொன்னார்கள். பெண்ணை வரைந்த படங்கள் 28. அத்தனையும் சிறுமிகள் வரைந்தவை. வகுப்பு ஏற ஏற, வெள்ளை அங்கியும் கண்ணாடியும் தாடியும் படங்களில் கூடிக்கொண்டே போயின.

இவை மேலைநாட்டுத் தரவுகள். வயதெல்லைகள் இங்கே சற்று முன்பின் ஆகலாம். சாதியும் சேரும் நம் சூழலில் இக்கழித்தல் இன்னும் கடுமையாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கான 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும் பாராட்டுக்குரியவை. ஆயினும் பள்ளியளவில் அவை உயர்வகுப்புகளை நோக்கியவை. பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப்பா, மூன்றாம் குரூப்பா என்று வீட்டில் பேச்சு எழும்போது, அந்தச் சூளைத் தொழிலாளியின் மகள் மனத்தில் பாதிப் பட்டியல் ஏற்கெனவே அழிந்திருக்கும்.

'அப்படியானால் ஐந்தாம் வகுப்பிலேயே குறிக்கோளை முடிவுசெய்யச் சொல்கிறீர்களா?' என்று கேட்கலாம். இல்லை. ஆறாம் வகுப்பிலேயே நீட், ஜே.இ.இ. அடித்தளப் பயிற்சி விற்பவர்கள் செய்வதுதான் அது. அதுவும் பட்டியலைச் சுருக்குகிறது, கட்டணமும் வாங்கிக்கொண்டு!

தொடக்கப்பள்ளிக்கு வேண்டியது மிக எளியது. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். மேடையும் வரவேற்புரையும் வேண்டாம். தாவரவியல் ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் கண்ணைப் பதித்துப் பார்க்க நேரம் கொடுத்தால் போதும். அதைக் காட்டுபவர் அந்த வட்டாரத்து அரசுப் பள்ளியில் படித்து வந்த கல்லூரி மாணவியாக இருந்தால், 'அக்கா, இதுக்கு எவ்வளவு ஃபீஸ்?' என்று ஒரு பிள்ளை கேட்கும். அதற்கு அவர் உண்மையான தொகையையும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரி எட்டாது என்ற எண்ணத்தை அறிவுரையைவிட அந்தக் கணக்கு அதிகம் அசைக்கும்.

ஆகவே 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியின் ஒரு பகுதியை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுசெல்லப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். அதில் திறனறித் தேர்வோ, 'உன் லட்சியம் என்ன' என்று நிரப்பச் சொல்லும் படிவமோ இருக்கக் கூடாது.